எங்கே என்று கேட்காத பஸ்

1

நர்ஸம்மா என்னை மறுபடியும் வெளியே துரத்திவிட்டார். முதலில் வாயால் சொன்னார். இந்தத் தடவை கையிலிருந்த துண்டை உதறிக் காட்டினார், அடுப்படிக்குள் நுழைந்த கோழியை விரட்டுகிற மாதிரி. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் வரைக்கும் போனேன், வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் என்னைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்று சைகை காட்டினார். அவருக்காகத்தான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். எழுதினால் கால் ஆடாது.

உள்ளே என் மனைவி பாவாயி. மூன்றாவது பிரசவம். முதல் குழந்தை சரசு, பதினோரு வயதுப் பெண், பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது.

நாமக்கல், சேலம் பக்கமிருந்து இந்தக் குறிப்புகளைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு நான் வழக்கமாக ரப்பர் விலை, மலாயா மழை, இங்கே கிடைக்கிற சோற்றரிசியின் லட்சணம் என்று எதையாவது எழுதி அனுப்புவேன். இன்று அது எதுவும் ஓடாது. இன்று பஸ்ஸைப் பற்றித்தான் எழுத வரும். இந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பஸ் ஓடுகிறது. அதில்தான் வந்தோம். இந்த ஊர் முனிசிபாலிட்டிக்கு சானிட்டரி போர்டு என்று பெயர். அதில் நான் மொழிபெயர்க்கிற குமாஸ்தா. தமிழர் சொல்வதைத் துரைக்கும், துரை சொல்வதைத் தமிழருக்கும் சொல்ல வேண்டியது என் வேலை. கேட்பதற்கு லேசான வேலை மாதிரி இருக்கும்.

2

மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் பஸ் ஓடத் தொடங்கியபோது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் ரோட்டோரத்தில் இருக்கிறது. என் தாய்மாமா பழனியப்பன் அப்போது பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். அந்த பஸ் எங்கள் ஊரில் நின்று போக வேண்டும் என்பதற்காக நாமக்கல்லுக்கு நடையாய் நடந்து, பஸ் முதலாளியைப் பிடித்து, தாலுகா ஆபீசில் தலையைச் சொறிந்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினார். பஸ்ஸும் வந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். மறு வாரம் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் பஸ் ஏறுவதில்லை. பழையபடி வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் போகிறார்கள்.

காரணம் கண்டக்டர். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், சூட்டிகையானவன், அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஏறுகிறவர்களிடமெல்லாம் "எங்க போறே?" என்று கேட்டான். நம் ஊரில் புறப்பட்டுப் போகிறவனை யாராவது எங்கே என்று கேட்பார்களா? பெண் பார்க்கப் போகிறவன், மாடு விற்கப் போகிறவன், கச்சேரியில் சாட்சி சொல்லப் போகிறவன், எவனாயிருந்தாலும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் போகிற காரியம் அதோடு போச்சு. ஏறியவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, வீட்டுக்குத் திரும்பி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, மறுபடி புறப்படுவார்கள். அதற்குள் பஸ் நாமக்கல் போய்ச் சேர்ந்திருக்கும்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. கண்டக்டரையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவன் அழாக்குறையாகச் சொன்னான்.

"எங்க போறாங்கன்னு கேக்காம நான் எப்படிங்க டிக்கெட் கிழிக்கிறது?"

"தூரமுங்களான்னு கேளு சாமி," என்றார் மாமா. "காசக் குடுப்பாங்க. காசப் பாத்தா ஊரு தெரியாதா உனக்கு?"

"ஒரே காசுக்கு ரெண்டு ஊரு இருக்குதுங்களே."

"அப்ப ஆளப் பாரு. வாழத்தாரு வெச்சிருந்தா சந்தை. புது வேட்டின்னா ஒரம்பரை ஊட்டு விருந்து. மூஞ்சி தொங்கிப் போயிருந்தா கச்சேரி. இதுக்குப் போயி வாயத் தொறக்கோணுமா?"

அதைத் தீர்மானமாகவே எழுதினார்கள். எங்கள் ஊரில் ஏறுகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது. அதே கூட்டத்தில் இன்னொன்றும் எழுதினார்கள். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் பஸ் நிற்க வேண்டும், கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்ட பிறகுதான் வண்டி பாலத்தில் ஏற வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவரும் பிறகு வந்தது. நான் ஊரில் இருந்த வரைக்கும் அந்தப் பாலத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லாமலும் போயிற்று. அந்தக் கண்டக்டர் கடைசியில் எங்களில் ஒருவனாகிவிட்டான். ஆத்தூரில் தன் தாயார் பஸ் ஏறினால்கூட "தூரமுங்களா" என்றுதான் கேட்பான் என்று கேலி பேசுவோம்.

அந்தத் தீர்மானத்தைச் சிறு வயதில் நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு கேள்வியை ஒழிப்பதற்கு ஒரு போர்டா என்று சிரித்திருக்கிறேன்.

3

நான் கப்பல் ஏறி வந்து சேர்ந்த இந்த நாட்டில், ஒருவரை ஒருவர் பார்த்தால் கும்பிடுவதற்குப் பதிலாக என்ன சொல்லிக்கொள்கிறார்கள் தெரியுமா? "பெர்கி மானா?" மலாய் பாஷையில் எங்கே போகிறாய் என்று அர்த்தம். பதில் வேண்டிக் கேட்பதில்லை. சௌக்கியமா என்று நாம் கேட்கிற மாதிரி அவர்களுக்கு அது ஒரு மரியாதை. கேட்காமல் போனால்தான் தவறு.

வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. வேலைக்குப் புறப்பட்டு நாலு வீடு தாண்டுவதற்குள் ஒரு மலாய்ப் பெரியவர் சிரித்த முகத்தோடு "பெர்கி மானா?" என்பார். உடனே திரும்பி அறைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவேன். மறுபடி புறப்பட்டால் எண்ணெய்க் கடைக்காரர் கேட்பார். மறுபடி தண்ணீர். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டு தாமதமாகப் போய், ஆபீசில் திட்டு வாங்கினேன். சில நாள் போனதும் வழக்கமாகிவிட்டது. பதிலுக்கு நானும் கேட்கப் பழகினேன். கூச்சம் மட்டும் முழுதாகப் போகவில்லை. கேட்டுவிட்டு மனசுக்குள் ஒரு முருகா சொல்லிக்கொள்வேன்.

பாவாயி பழகவே இல்லை. பரமத்திப் பக்கத்தில் பிறந்தவள், கல்யாணமாகி நேராக இங்கே வந்தவள். வெளியே போவதென்றால் கதவை லேசாகத் திறந்து தெருவில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். எதிரே ஆள் வந்தால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். அக்கம்பக்கத்தார் அவளுக்குக் காது வலி என்று நினைத்து ஒரு வேரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சரசு வேறு ஜாதி. இங்கே பிறந்து இந்தத் தெருவில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய், வீட்டில் எங்கள் தொல்லைக்காகத் தமிழ். ஒரு நாள் நான் செருப்பை மாட்டும்போது, "எங்க போறீங்கப்பா?" என்று கேட்டாள். பாவாயி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். பிள்ளை ஒன்றும் புரியாமல் விழித்தது. அவள் அன்பாகத்தான் கேட்டாள். அவள் வளர்ந்த பாஷையில் அது அன்புதான். எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்ததால் இரண்டு பேரையும் கோபிக்க முடியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

4

இப்போது இரண்டாவது குழந்தை.

ஆஸ்பத்திரி டவுனுக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. போகிற ரோட்டில் முதலில் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் ஒரு பக்கம் ரப்பர் காடு, மறு பக்கம் ஈயம் தோண்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பெரிய குட்டை. ரோட்டுக்கும் குட்டைக்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. விளக்கு கிடையாது. தோட்டத்து ஜனங்கள் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ரோட்டில்தான் நடப்பார்கள். ரிக்ஷாக்காரர்கள் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

போன வருஷம் பாவாயிக்கு வலி கண்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டி பிடித்துப் போனோம். கேட்டுக்குப் பக்கத்தில் போனபோது கேட்காரர் வெளியே வந்தார். வயதான மலாய்க்காரர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். லாந்தரைத் தூக்கிப் பார்த்து, வழக்கம் போல, "பெர்கி மானா?" என்றார். அவர் கேட்டது மரியாதைக்கு. நான் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். வண்டிக்குள்ளிருந்து பாவாயி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

அடுத்த நிமிஷம் கேட் மூடியது. ஈயம் ஏற்றிய கூட்ஸ் ஒன்று வந்து, கேட்டைத் தாண்டாமல் குறுக்கே நின்றுவிட்டது. என்ஜினில் என்ன கோளாறோ தெரியவில்லை. கேட்காரர் தண்டவாளத்தோரம் முன்னும் பின்னும் ஓடிக் கத்தினார். வண்டிக்காரர் இறங்கி மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். நான் எதையும் செய்யவில்லை, செய்வதற்கு எதுவும் இல்லை. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

அந்த ரயிலைப் பற்றிப் பாவாயி இன்று வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரயில் நின்றதால் போயிற்று என்று நான் சொன்னால், "அவரு கேட்டாரு, நீங்களும் சொன்னீங்க," என்பாள். அவ்வளவுதான். நான் படித்தவன், அப்படியெல்லாம் இல்லை என்று வாதாடுவேன். ஆனால் வாதாடும்போதே என் குரல் இறங்கிவிடும். எனக்கும் அந்தப் பிள்ளை போன துக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கேட்காரர் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். பாவாயி அதைத் தொடவில்லை. சரசு தின்றாள்.

5

அதற்குப் பிறகு நான் போர்டில் நச்சரிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி ரோட்டில் பஸ் வேண்டும், குட்டைக்கு வேலி வேண்டும், கேட்டில் விளக்கு வேண்டும். மாமா நாமக்கல்லுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு நான் மேஜைக்கு மேஜை நடந்தேன். இந்த மேஜை, அது ரோடு இலாகா வேலை என்றது. ரோடு இலாகா ரயில்வேயைக் காட்டியது. ரயில்வேயோ, கேட்டுக்கு இந்தப் பக்கமெல்லாம் போர்டு என்றது. கிணற்றைச் சுற்றுகிற மாடு மாதிரி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றேன். இதற்குள் பாவாயி மறுபடி கர்ப்பமானாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இந்த முறை வீட்டில் பார்க்கவே கூடாது, வலி கண்டதும் வந்துவிட வேண்டும் என்றார். என் நச்சரிப்பு இன்னும் கூடியது.

கடைசியில் எஞ்சினீயர் துரை மனமிரங்கினார். வாலிபர், நல்ல மனுஷர். "நீ ஒருவன் கேட்கிறாய் என்பதற்காக பஸ் விட முடியாது. இந்த ஊர்த் தமிழர்கள் எங்கே எங்கே போகிறார்கள் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தால் நானே போர்டில் பேசுகிறேன்," என்றார். நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு காலை வேளையில், வேறு ஊர்களுக்குப் போகிற பஸ்கள் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதலில் வந்தவர் ராசிபுரத்துக்காரர், தோட்டத்தில் வேலை, கையில் துணி சுற்றிய கட்டு. துரை சொன்னார், "எங்கே போகிறார் என்று கேள்."

என் நாக்கு எழவில்லை. கையில் காயத்தோடு புறப்பட்டிருக்கிற மனுஷனை, முகத்துக்கு நேரே நின்று எப்படிக் கேட்பது? வாயில் வந்தது இதுதான்:

"தூரமுங்களா?"

"அப்பிடியே சித்த அக்கட்ட வரைக்கும் போயிட்டு வாரேனுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டு வருகிறாராம்."

"எந்தப் பக்கம்?"

"அதைச் சொல்லவில்லை."

துரை எழுதிக்கொண்டார். அடுத்து ஒரு பெண், தோளில் பிள்ளை, பிள்ளையின் கண் செருகியிருந்தது. துரைக்குப் பொறுமை போய், எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே கேட்கும்படி உத்தரவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "எங்கம்மா போறீங்க?" அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "சும்மாதானுங்க," என்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி அவளை மறித்து, தாயே, நீங்கள் போங்கள், நான் எதையும் கேட்கவில்லை என்று கெஞ்சி அனுப்பிவைத்தேன்.

இப்படியே வெயில் ஏறும் வரைக்கும் நடந்தது. துரை அதைப் போர்டில் வாசித்தார். இந்த ஊர்த் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள், மற்றவர்கள் சும்மா போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போவதில்லை. அங்கத்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சீன முதலாளி, தமிழர்கள் கொடுத்து வைத்தவர்கள், நோயே வருவதில்லை என்றார். காகிதம் ஓரமாக ஒதுக்கப்பட்டது. அந்தச் சிரிப்பையும் நான்தான் கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் ராசிபுரத்துக்காரர் மேல் கோபம் வந்தது, துரை மேல் வந்தது, எங்கள் ஊர் மேல் வந்தது, ஒன்றும் நிலைக்காமல் கடைசியில் என் நாக்கின் மேலேயே வந்து நின்றது.

6

சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். சரசு விழுந்து புரண்டு சிரித்தாள்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னா என்னப்பா ஆயிரும்? சொன்னாத்தானே பஸ் வரும்?"

பாவாயி சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். மகளை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"பொறப்பட்டுப் போறவங்கள மறிச்சுக் கேட்டா எவன் சொல்லுவான்? நானாயிருந்தாலும் சொல்ல மாட்டேன். போயிட்டுத் திரும்பி வாரவங்களக் கேளுங்க. வந்து சேந்தாச்சுன்னா பொறவு என்னத்துக்கு மறைக்கோணும்?"

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து கேட்டார்: "போகுமுன் சொல்லமாட்டார்கள், போய்வந்த பிறகு சொல்வார்கள். அப்படித்தானே?" "ஆமாம் சார்." மேஜையில் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் சீமையில் ஏணிக்கு அடியில் நடக்க மாட்டாராம், மழையில் நனைந்தாலும் சுற்றித்தான் போவாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை, ஆஸ்பத்திரி ரோடு டவுனில் வந்து சேருகிற முனையில் நாற்காலியைப் போட்டோம். நடந்து வருகிறவர்களைக் கேட்டேன். "எங்கிருந்துங்க வாரீங்க?" இதைக் கேட்க எனக்கு நாக்குக் கூசவே இல்லை. அவர்களுக்கும் சொல்லக் கூசவில்லை. மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். பிள்ளையோடு வந்த ஒரு தாய் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியிலிருந்துதானுங்க. என்ற மகனுக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க. ஏனுங்க, அந்தக் குட்டை ஓரத்துல நடக்கவே பயமா இருக்குதுங்க. போன மாசம் எங்க கொழுந்தன் சைக்கிளோட உளுந்துட்டாருங்க. எருமை மேச்சவங்க பாத்து இழுத்துப் போட்டாங்க. நீங்க எழுதற ஆளுங்களா? இதையும் எழுதுங்க."

துரை கையை உயர்த்தி, மெல்லச் சொல்லச் சொல் என்றார். அவர் பென்சிலை இரண்டு முறை சீவ வேண்டி வந்தது. இருட்டும் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராசிபுரத்துக்காரரும் வந்தார். கையில் புதுக் கட்டு. கட்டு மாற்ற அன்றும் காலையில் புறப்பட்டவராம், இப்போதுதான் நடந்து முடித்திருக்கிறார். கேட்காமலே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

துரை இந்த முறை போர்டில் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வேலி போட உத்தரவானது. கேட்டில் விளக்கு. ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு பஸ். உத்தரவு வேறு, நடப்பது வேறு. வேலிக்கு மரம் வந்தது, ஆணி வரவில்லை. ஆணி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விளக்குக் கம்பம் நட்டார்கள், விளக்கு கப்பலில் வருகிறது என்றார்கள். பாவாயியின் வயிறு வளர்ந்துகொண்டே இருந்தது. நான் ஆபீசில் ஒரு கண்ணும் வீட்டில் ஒரு கண்ணுமாக, ராத்திரியில் தூக்கமில்லாமல், நாள் நெருங்க நெருங்க எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஒரு வழியாக வேலி முடிந்து, போன வாரம் பஸ் ஓடத் தொடங்கியது.

ஓடி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாவாயி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. மத்த சனங்க போவட்டும்."

"மத்த சனங்களா? உனக்காகத்தானே பாவாயி நான் நாயா அலைஞ்சேன்."

"அதுல கண்டக்டரு இருப்பான்ல? அவன் கேப்பான். எங்கேன்னு கேக்காம எப்பிடிச் சீட்டுக் குடுப்பான்? ஒருக்கா கேட்டது போதுமுங்க. நான் ஊட்டுலயே பெத்துக்கறேன். மருத்துவச்சியக் கூட்டியாந்துருங்க."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் மாமா இருந்தால் ஒரு தீர்மானம் போட்டு அந்தக் கண்டக்டரின் வாயைக் கட்டியிருப்பார். இங்கே யாரிடம் போய் என்ன தீர்மானம் கேட்பது? கேள்வியே கும்பிடாக இருக்கிற நாட்டில் அதை எந்தப் போர்டு நிறுத்தும்?

7

இன்று விடிந்ததும் வலி கண்டது. மருத்துவச்சி வீட்டுக்கு ஓடுவதா, பஸ்ஸுக்கு ஓடுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். எந்தப் பக்கம் ஓடினாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. பாவாயி உள்ளேயிருந்து வந்தாள். துணிமூட்டையை என் கையில் கொடுத்தாள். முகம் வேர்த்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு இட்ட விபூதி நெற்றியில் இருந்தது. என்னைக் கேட்காமல் தெருவில் இறங்கி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். இந்தத் தடவை காதை மூடிக்கொள்ளவில்லை.

பஸ் வந்தது. சின்ன பஸ், உட்காருகிற பலகை இரண்டு பக்கமும் நீளமாகப் போட்டிருக்கும். தோட்டத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கண்டக்டர் இளம் மலாய்க்காரன், தோல் பை மாட்டியவன், தமிழ் நாலு வார்த்தை தெரிந்தவன். வண்டி நகர்ந்ததும் எங்களிடம் வந்தான். அவன் வாயைத் திறப்பது எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். பஸ் குலுங்கியது, கம்பியைப் பிடிக்கப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கே, அம்மா?" என்றான், தமிழிலேயே. மரியாதையாகத்தான் கேட்டான்.

தோட்டத்துப் பெண்கள் பாவாயி பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும், போன வருஷம் நடந்தது தெரியும். பாவாயி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலி ஒன்று வந்து போகிற வரைக்கும் குனிந்திருந்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஊட்டுக்குத் திரும்பி வாரேன். போறதுக்கு ரெண்டு சீட்டுக் குடு. வாரதுக்கு மூணு குடு."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்க்கிற குமாஸ்தா. இத்தனை வருஷ வேலையில் என் குரல் உடைந்தது இந்த ஒரு தடவைதான். மலாயில் சொன்னேன், போவதற்கு இரண்டு, திரும்பி வருவதற்கு மூன்று. திரும்பி வருகிற சீட்டை இப்போதே கொடுக்கிற வழக்கம் இந்த பஸ்ஸில் இல்லை, கைக்குழந்தைக்குச் சீட்டே கிடையாது. அவன் அதைச் சொல்லப் போனான். பாவாயியின் வயிற்றைப் பார்த்தான். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான். இரண்டு கிழித்தான், தனியாக மூன்று கிழித்தான். காசை என்னிடம் வாங்காமல் அவளிடமே கை நீட்டினான். அவளே எண்ணிக் கொடுத்தாள்.

ரயில்வே கேட் திறந்திருந்தது. கேட்காரர் கொடியோடு ஓரமாக நின்று எங்களைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பாவாயி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பஸ் குட்டையைச் சுற்றி வேலியோரமாக மேட்டில் ஏறியது.

இது காலையில் நடந்தது. இப்போது வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. சீனக் கிழவருக்குப் பேரன் பிறந்துவிட்டான், அவர் போய்விட்டார். வாசலில் பஸ் வந்து நின்று, திரும்பி, போயிற்று. மறுபடி வந்தது. உள்ளே யார் யாரோ நடக்கிறார்கள், கிண்ணம் விழுகிற சத்தம், பிறகு சத்தமே இல்லை. சத்தம் இல்லாமல் இருந்தால் எனக்கு ஆவதில்லை. மூன்று சீட்டையும் எடுத்துப் பார்க்கிறேன், மடித்துப் பையில் வைக்கிறேன். வேர்வையில் எழுத்து அழிந்துவிடப் போகிறது என்று மறுபடி எடுக்கிறேன். எழுதுவதற்கும் இனி ஒன்றும்

ஒரு குழந்தை அழுகிறது. உள்ளே இருப்பது பாவாயி மட்டுமல்ல, இன்னும் சில பெண்களும் இருக்கிறார்கள். யாருடைய குழந்தை என்று தெரியவில்லை. அது விடாமல் அழுகிறது, ஊரையே கூட்டுகிற மாதிரி அழுகிறது. அதற்கு மேலே ஒரு குரல், களைத்துப்போன குரல், நர்ஸம்மாவிடம் கேட்கிறது:

"ஏனுங்கம்மா, இவங்கப்பா எங்க போயிட்டாருங்க?"

இங்கேதான் இருக்கிறேன், பாவாயி. இதோ வாரேன்.